டிக்கெட் நேரமும் மாத்திரை நேரமும்

மகளுக்குப் பிரசவம் பார்க்க, பேரனைக் கொஞ்ச என்று அம்மாக்கள் விமானம் ஏறுவது நம்ம வாலாஜாபாத்திலும் சகஜமாகிவிட்டது. பட்டுப்புடவை, பிரசவ லேகியம், பருப்புப்பொடி எல்லாம் ஞாபகமாகப் பெட்டிக்குள் போய்விடும். பயணம் மொத்தம் எத்தனை மணி நேரம் என்று கேட்டால்தான் விழிப்பார்கள்!

போன மார்கழியில் எங்கள் தெருத் தறிக்கார வீட்டு அம்மாள் டிக்கெட்டோடு வந்தார். சர்க்கரை உள்ளவர். "அக்கா, மெட்ராஸ்ல காலையில ஆறு மணிக்குக் கிளம்பி லண்டன்ல பதினொன்றரைக்கு எறங்கும்னு போட்டிருக்கு. அஞ்சரை மணி நேரந்தானே? காலையில இன்சுலின் போட்டுக்கிட்டா மத்ததை அங்க போய்ப் பார்த்துக்கலாம்" என்றார்.

இந்தக் கணக்குதான் ஏமாற்றுவது. டிக்கெட்டில் போட்டிருப்பது அந்தந்த ஊர்க் கடிகார நேரம். லண்டன் கடிகாரம் குளிர்காலத்தில் நமக்கு 5½ மணி நேரமும், கோடையில் 4½ மணி நேரமும் பின்தங்கி ஓடும். சென்னையிலிருந்து லண்டன் சுமார் 8,200 கி.மீ. நடுவில் இறங்காமல் போனாலே ஏறக்குறைய 11 மணி நேரம். திரும்பும்போது மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் ஒரு மணி நேரம் குறையலாம்.

அதோடு முடிந்ததா? வீட்டிலிருந்து மீனம்பாக்கம் 2 மணி, அங்கே காத்திருப்பு 3 மணி, இறங்கியபின் சோதனை, பெட்டி, மகள் வீடு என்று இன்னொரு 3 மணி. வாசல் முதல் வாசல் வரை 19 மணி நேரம்!

இதைவிட நீண்ட பயணங்களும் உண்டு. 2021 ஜனவரியில் கேப்டன் ஸோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகளே ஏர் இந்தியா விமானத்தை ஸான்பிரான்சிஸ்கோவிலிருந்து வடதுருவம் வழியாகப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார்கள். சுமார் 14,000 கி.மீ! அவர்களுக்காவது மாற்றி ஓட்ட ஆள் உண்டு. நமக்கு நம் காலும் இடுப்பும்தான் துணை. ஆகவே, சகோதரிகளே, கவனியுங்கள்:

* மேற்கே போகும்போது நம் நாள் நீளும். கிழக்கே வரும்போது சுருங்கும். இன்சுலின் அளவையும் வேளையையும் முன்கூட்டியே டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். நாமாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

* இன்சுலின், மாத்திரை, டாக்டர் சீட்டு மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். சரக்கோடு போகும் பெட்டியில் இன்சுலின் உறைந்து கெட்டுப்போகலாம். நாலு பிஸ்கட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

* இறங்கும் வரை கைக்கடிகாரத்தை நம் ஊர் நேரத்திலேயே விடுங்கள். மாத்திரை வேளை தப்பாது.

* நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் கூடும். அவ்வப்போது எழுந்து நடங்கள். உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கி இறக்குங்கள்.

* விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய ஊட்டி உயரத்தில் இருப்பது போலத்தான், காற்றும் வறண்டிருக்கும். பாத்ரூம் போகக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள்.

* இருதயமோ மூச்சோ தொந்தரவு உள்ளவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்காமல் டிக்கெட்டே போட வேண்டாம்.

போய் இறங்கியபின் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ, "பயண அலுப்பு" என்று படுத்துவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

டிக்கெட் கைக்கு வந்ததும் பிள்ளைகளிடம், "வாசலிலிருந்து வாசலுக்கு எத்தனை மணி நேரம்?" என்று கேளுங்கள். அந்த எண்ணை டாக்டரிடம் சொல்லிவிட்டு அப்புறம் லேகியம் கிளறலாம்.