கணினிக்குள் ஒரு காஞ்சி கோபுரம்!

காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போகிறவர்கள் தெற்கு ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்க்காமல் உள்ளே நுழைவதில்லை. 1509-ல் கிருஷ்ணதேவராயர் எழுப்பியது. உயரம் சுமார் 59 மீட்டர். ஏழே ஆண்டுகள் கழித்து, 1516-ல், அதே மன்னர் ஸ்ரீகாளஹஸ்தியிலும் ஒரு ராஜகோபுரம் கட்டினார். 2010 மே 26 அன்று இரவு அது சரிந்து விழுந்தது. விரிசல் பெரிதாவதைக் கண்டு முன்பே ஆட்களை அப்புறப்படுத்தியிருந்ததால் உயிர்கள் தப்பின. இப்போது அங்கே நிற்பது புதிதாகக் கட்டிய கோபுரம்.

'அப்படியானால் நம்ம காஞ்சி கோபுரம்?' என்ற கேள்வி எழும்தானே? சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் இந்தக் கோபுரத்தையும், கோயிலின் கல் மண்டபங்களையும் கணினியில் மாதிரிகளாக உருவாக்கி, நிலநடுக்கம் வந்தால் அவை என்ன ஆகும் என்று ஆராய்ந்திருக்கிறார்கள். 'சாதனா' ஆய்விதழில் 2018-ல் அது வெளியானது.

இதில் என்ன சிரமம்? தறியில் இருக்கும் பாவு நூலை நினைத்துப் பாருங்கள். இழுத்துக் கட்டினால் தாங்கும், அமுக்கினால் துவண்டுவிடும். செங்கல் சுவர் இதற்கு நேர் எதிர். மேலிருந்து பெரும் பாரம் அமுக்கினாலும் தாங்கும். இழுத்தால் சுண்ணாம்புக் காரை விட்டுக்கொடுத்துவிடும். கம்பி போட்ட கான்கிரீட் வீட்டுக்குப் போடும் கணக்கு இங்கே உதவாது.

கோபுரத்தின் அடிப்பகுதி கருங்கல். அதற்கு மேலே செங்கல்லும் சுண்ணாம்பும். நிலைக்கு நிலை வாசல் திறப்புகள். மேலிருந்து இறங்கும் பாரம் இந்தத் திறப்புகளைச் சுற்றித்தான் கீழே வரவேண்டும். கணினி மாதிரியில் சுவரைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் மீதும் எவ்வளவு பாரம், எங்கே அமுக்கம், எங்கே இழுவை என்று கணக்கிடுகிறார்கள். பிறகு தரையை அசைத்துப் பார்க்கிறார்கள். முதல் விரிசல் எங்கே விழும் என்பது திரையிலேயே தெரியும்.

மண்டபத்துக்கு வேறு வழி. தூணும் உத்தரமும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்த கற்கள். தரை அசைந்தால் தூண் ஒரு பக்கம் சாய்ந்து மறுபடி நிமிரும். எவ்வளவு சாய்ந்தால் இனி நிமிராது என்பதுதான் கேள்வி. மேலே இருக்கும் கூரையின் எடை, தூணின் அகலம், உயரம் மூன்றையும் வைத்து அதைக் கணக்கிடலாம்.

ஆனால், கணினி மந்திரவாதி அல்ல. சுவருக்குள்ளே நல்ல கட்டுமானமா, வெறும் கல்லும் மண்ணும் கொட்டி நிரப்பியதா, சுண்ணாம்பு இன்னும் பிடிப்போடு இருக்கிறதா என்று நாம் சொன்னால்தான் அது சரியான பதில் தரும். அதனால் இந்தத் துறையில் காற்றாலும் வண்டிகளாலும் கட்டடத்தில் எழும் மெல்லிய அதிர்வைக் கருவிகளால் அளக்கிறார்கள். கணினி மாதிரியும் அதே வேகத்தில் அதிர்ந்தால் அதை நம்பலாம். இல்லாவிட்டால் மாதிரியைத் திருத்த வேண்டும்.

கும்பாபிஷேகத் திருப்பணி தொடங்கும் முன் இப்படிப் பார்த்துவிட்டால், எங்கே கை வைக்க வேண்டும், எங்கே வைக்கவே கூடாது என்பது தெளிவாகும். விரிசலை சிமென்ட் பூசி மறைப்பது வைத்தியம் அல்ல. சுண்ணாம்புச் சுவர் உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடும்; சிமென்ட் அதை அடைத்துவிடும்.

எல்லாவற்றுக்கும் கணினிதான் வேண்டும் என்றில்லை. விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டி வைப்பது கட்டடக்காரர்களின் பழைய வழக்கம். கண்ணாடி உடைந்தால் விரிசல் நகர்கிறது என்று அர்த்தம். அடுத்த முறை உங்கள் ஊர்க் கோபுரத்தைக் கும்பிடும்போது, நிலைகளின் இடுக்கில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், கோயில் அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். அதன் வேர் போகும் வழியில்தான் அடுத்த விரிசல் காத்திருக்கும்.