கொண்டை ஊசியில் தொங்கிய சைக்கிள்கள்

உங்கள் வீட்டில் யாராவது அமெரிக்காவில் குடியிருந்தால், அல்லது நீங்களே பெண்ணின் பிரசவத்துக்கென்று போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்திருந்தால், 'ஆர்.வி.' என்ற பெயர் காதில் விழுந்திருக்கும். விழாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அது ஒரு வீட்டு வண்டி. டிரைவர் ஸீட்டுக்குப் பின்னால் சமையல் மேடை, எதிரே சாப்பாட்டு மேஜை, ஐஸ் பெட்டி, இரண்டு மூன்று படுக்கைகள், கடைசியில் ஒரு குளியலறை. எல்லாம் 25 அடி நீளத்துக்குள் அடங்கிவிடும். கூஜாவும் கட்டுச் சாதமுமாக ரயில் ஏறிப் பழகிய நமக்கு, போய் நின்ற காட்டிலேயே ரசம் வைத்து அப்பளமும் பொரிக்கலாம் என்றால் வேறென்ன வேண்டும்?

இந்த வாரம் நான் சொல்ல வந்தது, அந்த வண்டியின் வாலில் மாட்டிக்கொண்டு போகிறார்களே, அந்தச் சைக்கிள்களின் கதை. "வீடே ஓடும்போது சைக்கிள் எதற்கு?" என்று நானும் கேட்டேன். காரணம் இருக்கிறது. வண்டி தங்குமிடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் மின்சார வயரைச் சொருகி, தண்ணீர்க் குழாயை மாட்டி, சாக்கடைக் குழாயையும் இணைத்து விடுகிறார்கள். அதற்கப்புறம் பால் வாங்கவேண்டுமென்றால் இத்தனையையும் பிடுங்கிவிட்டு வீட்டையே கிளப்பிக்கொண்டா கடைக்குப் போவது? தவிர, அரிஸோனாவில் கிராண்ட் கான்யன் என்ற மகா பள்ளத்தாக்கு இருக்கிறதல்லவா, அதன் தென்கரையில் ஹெர்மிட் ரோடு என்று 7 மைல் பாதை. மார்ச் முதல் நவம்பர் வரை அதில் சொந்த மோட்டார்கள் போகக்கூடாது. இலவச பஸ், இல்லாவிட்டால் சைக்கிள், அதுவும் இல்லாவிட்டால் நடராஜா சர்வீஸ்தான். சைக்கிளில் போய்க் களைத்துவிட்டால், பஸ்ஸிலேயே அதை மாட்டுவதற்குக் கொக்கி வைத்திருக்கிறார்கள். மாட்டிவிட்டு ஏறி உட்கார்ந்துகொள்ளலாம்.

2024 மே மாதம் அதைப் பார்க்கத்தான் என் அக்கா, அத்திம்பேர், பன்னிரண்டு வயது மருமான், நான் நால்வரும் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்திலிருந்து கிளம்பினோம். அத்திம்பேர் பழசாக வாங்கிய வண்டி. அதன் வாலில் மூன்று சைக்கிள்கள். அவற்றில் ஊதா நிறமாக, முன்னால் கூடை வைத்தது அக்காவுடையது.

அந்த ஊதா சைக்கிளைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். 1990-களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தின் புண்ணியத்தில் புதுக்கோட்டைச் சீமைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அதே சமயம் மாயவரத்தில் எங்கள் அப்பா, "பெண் குழந்தைக்குச் சைக்கிள் எதற்கு? விழுந்து கையை காலை ஒடித்துக்கொண்டால் யார் பதில் சொல்வது?" என்று சொல்லி விட்டார். பத்து வருஷம் கழித்து நான் கேட்டபோது மறு பேச்சில்லாமல் வாங்கிக் கொடுத்தார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. என் சைக்கிளைத் துடைத்து மட்டும் வைப்பாள். கடைசியில் தன் 42-வது வயதில், கலிபோர்னியாவில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில், பெற்ற பிள்ளை ஸீட்டைப் பிடித்துக்கொள்ள அவள் கற்றுக்கொண்டாள். பாட்டு டியூஷனில் சேர்த்த பணத்தில் வாங்கியது அந்த ஊதா சைக்கிள்.

அரிஸோனாவில் ஒரு ஊர். பெயர் வேண்டாம், எந்த ஊரில்தான் திருடன் இல்லை? தயிரும் தக்காளியும் வாங்க ஒரு பெரிய கடையில் நிறுத்தினோம். அங்கே கடைக்கு முன்னால் மைதானம் மைதானமாக மோட்டார் நிறுத்த இடம் விட்டிருக்கிறார்கள். ஆனால் 25 அடி வண்டியை வாசலுக்கருகில் நுழைக்க முடியாது. ஆகவே மைதானத்தின் கோடியில், சாலைக்கு வாலைக் காட்டிக்கொண்டு நிறுத்தினார் அத்திம்பேர்.

"பூட்டினேளா?" என்றாள் அக்கா.

"பூட்டாமல் என்ன? நீயே இழுத்துப் பாரேன்."

இழுத்துப் பார்த்தாள். கெட்டியாகத்தான் இருந்தது. சுண்டுவிரல் கனத்தில், மேலே ரப்பர் உறை போட்ட கம்பிக் கயிறு; அதை மூன்று சைக்கிளிலும் கோத்துப் பூட்டியிருந்தார். இரண்டு சைக்கிள்களின் பிரேமுக்குள் புகுந்து வந்த கயிறு, மூன்றாவதுக்கு வரும்போது நீளம் போதாமல் அதன் முன் சக்கரத்தோடு நின்றுவிட்டது. அந்த மூன்றாவது அக்காவினுடையது.

நாங்கள் உள்ளே இருந்தது 20 நிமிஷம். திரும்பியபோது முதலில் பார்த்தவன் பையன்தான். "அம்மா, உன் சைக்கிள்!" என்றான். கம்பிக் கயிறு இருந்தது, பூட்டும் இருந்தது. பூட்டுக்குள் முன் சக்கரம் மட்டும் பத்திரமாக இருந்தது. மீதிச் சைக்கிள் இல்லை.

எப்படி என்கிறீர்களா? இந்தக் காலத்துச் சைக்கிள்கள் பலவற்றில் சக்கரத்தைக் கழற்ற ஸ்பானர் வேண்டியதில்லை. அச்சில் ஒரு சின்ன நெம்பி இருக்கும். அதைத் திருப்பினால் சக்கரம் கையோடு வந்துவிடும். 1930-ல் இத்தாலியில் கம்பன்யோலோ என்ற பந்தய வீரர் பந்தயக்காரர்களின் சௌகரியத்துக்காகக் கொண்டுவந்த ஏற்பாடு அது. திருடனுக்கும் அது சௌகரியமாகிவிட்டது. சக்கரத்தை மட்டும் பூட்டினால், சக்கரத்தை மட்டும்தான் காப்பாற்றுகிறோம்.

போலீஸில் சொன்னோம். வந்த அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார்: "சைக்கிளின் நம்பர் என்ன?" நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நிறம் தெரியும், மணியின் ஓசை கூடத் தெரியும், நம்பர் தெரியாது. பெடலின் அச்சு பிரேமுக்குள் நுழைகிற இடத்தில், அடிப்புறமாக, அந்த நம்பர் பொறித்திருக்கும் என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டோம். களவு போன சைக்கிளைப் போலீஸார் மீட்டாலும், அது யாருடையது என்று நிரூபிக்க அந்த நம்பர் இல்லாவிட்டால் திருப்பித் தர வழியில்லை. உங்கள் வீட்டில் சைக்கிள் இருந்தால், இதைப் படித்து முடித்ததும் ஒரு நடை போய் அதைக் கவிழ்த்துப் பாருங்கள். நம்பரையும் சைக்கிளையும் போட்டோ பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் தங்குமிடம் போய்ச் சேர்ந்தோம். அடுத்த வண்டியில் ஓர் அம்மாள். ரிடையரான பள்ளி ஆசிரியை, தனி ஆள், வருஷம் முழுவதும் வீட்டு வண்டியிலேயே வாசம். எங்கள் முகங்களைப் பார்த்ததுமே விஷயத்தை ஊகித்து, கேக்கோடு வந்துவிட்டார். துக்கம் விசாரித்த கையோடு எங்கள் வண்டியின் வாலைப் பரிசோதித்தார். பரிசோதித்தவர் சிரித்தாரே பார்க்கணும்!

சைக்கிள் மாட்டும் தாங்கி, வண்டியின் பின்னால் இருக்கும் இரண்டு அங்குலச் சதுரக் குழாய்க்குள் சொருகி நிற்கிறது. அது கழன்று வராமல் குறுக்கே ஓர் இரும்பு முளை. அந்த முளை நழுவாமல் இருக்க அதன் நுனியில் ஒரு வளைந்த கம்பி. நான் அதைப் பார்த்ததும் தலையில் கை வைத்துப் பார்த்துக்கொண்டேன். அச்சாக என் கொண்டை ஊசி! அதை உருவினால் முளை வரும். முளை வந்தால் மூன்று சைக்கிளும் தாங்கியோடு சேர்ந்து வரும். அத்திம்பேர் எவ்வளவு பெரிய பூட்டை மேலே போட்டிருந்தாலும், மொத்தமும் கொண்டை ஊசியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த முளைக்குப் பதில் பூட்டு வைத்த முளையே கடைகளில் கிடைக்கிறது. முதலில் அதை வாங்கச் சொன்னார்.

பிறகு, "உங்கள் சாமான் அறையைப் பூட்டியிருக்கிறீர்களா?" என்று கேட்டார். வண்டியின் பக்கவாட்டில், கீழ்ப்புறம் இருக்கும் அறை அது. மடக்குச் சைக்கிள் வைத்திருப்பவர்கள் அதற்குள்தான் போடுவார்கள். "பூட்டித்தான் இருக்கிறது" என்றார் அத்திம்பேர். அந்த அம்மாள் தன் சாவிக் கொத்தை எடுத்து, எங்கள் அறையில் போட்டுத் திருப்பினார். திறந்துகொண்டது! மந்திரம் ஒன்றுமில்லை. மிகப் பல வீட்டு வண்டிகளின் சாமான் அறைகளுக்குச் 'சி.எச்.751' என்ற ஒரே சாவிதான். சில டாலர் கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும். அன்று ராத்திரி அத்திம்பேருக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பூட்டை மாற்றுவது பெரிய செலவில்லை என்பதுதான் ஆறுதல்.

கம்பிக் கயிற்றைப் பற்றி அந்த அம்மாள் சொன்னது இது: அது குழந்தைகள் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடாமலிருக்கத்தான் லாயக்கு; வெட்டும் கத்தரி கையில் இருந்தால் சில வினாடி வேலை. குதிரை லாடம் போல வளைந்த கனமான இரும்புப் பூட்டுத்தான் பூட்டு. கிரிப்டோனைட் என்ற கம்பெனி 1970-களின் தொடக்கத்தில் அப்படி ஒரு பூட்டைச் செய்து, நியூயார்க்கில் கிரீனிச் வில்லேஜ் என்ற பேட்டையில் ஒரு சைக்கிளைக் கம்பத்தோடு பூட்டி 30 நாள் விட்டுவைத்ததாம். கழற்ற முடிந்த பாகத்தையெல்லாம் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பூட்டை மட்டும் அசைக்க முடியவில்லை. அப்பேர்ப்பட்ட பெயருக்கும் 2004-ல் சோதனை வந்தது. உருண்டைத் துவாரம் வைத்த பூட்டுகளைச் சாதாரண பால் பாயிண்ட் பேனாவின் குழாயாலேயே திறந்துவிடலாம் என்று ஒருவர் காட்டிவிட்டார். கம்பெனி பூட்டுகளை மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. இப்போது வருகிற சாவி வேறு மாதிரி.

இந்த லாடப் பூட்டைப் போடவும் ஒரு முறை இருக்கிறது. மாஸசூஸெட்ஸில் ஷெல்டன் பிரவுன் என்று ஒரு சைக்கிள் நிபுணர் இருந்தார்; 2008-ல் காலமானார். சின்னப் பூட்டாக இருந்தாலும், பின் சக்கரத்தின் ரிம்மைக் கம்பத்தோடு சேர்த்துப் பூட்டு, ஆனால் பிரேமின் பின்புற முக்கோணத்துக்குள் பூட்டு வரும்படி பூட்டு என்பார் அவர். சக்கரம் அந்த முக்கோணத்தை விட்டு வெளியே வராது. ஆகவே சக்கரமும் பிரேமும் ஒரே பூட்டில் அகப்பட்டுக்கொள்ளும். முன் சக்கரத்துக்குக் கம்பிக் கயிறு போதும். எங்கள் வீட்டில் செய்தது இதற்கு நேர் தலைகீழ்!

இத்தனையும் செய்தால் திருடு போகாதா? போகும். கிரில் பட்டறையில் பொறி பறக்க இரும்பை அறுக்கிறார்களே, அந்த இயந்திரம் இப்போது பாட்டரியில் ஓடுகிறது, கைப்பைக்குள் அடங்குகிறது. எந்த லாடப் பூட்டும் அதற்கு முன்னால் சில நிமிஷம்தான் நிற்கும். ஆனால் அது போடுகிற சத்தத்தில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பூட்டு விலைக்கு வாங்குவது நேரத்தைத்தான். அதனால் கடைக்குப் போனால் வண்டியின் வாலை ஜனங்கள் நடமாடும் பக்கம் பார்த்து, முடிந்தால் ஒரு சுவரை ஒட்டி நிறுத்த வேண்டும். ஒருவராவது வண்டியில் இருப்பது இன்னும் உத்தமம். சைக்கிள்மேல் ஒரு தார்ப்பாய் போட்டு மூடினால், என்ன சைக்கிள், எவ்வளவு பெறும் என்று போகிறவன் கண்ணில் படாது. 2021-ல் வந்ததே, காசு அளவில் ஒரு வில்லை, போனில் இருக்குமிடம் காட்டுவது, அதை ஸீட்டுக்கு அடியில் ஒளித்து வைப்பவர்களும் உண்டு. ஆனால் அது காட்டுகிற விலாசத்துக்கு நாமே போய்க் கதவைத் தட்டக்கூடாது. போலீஸிடம் சொல்வதோடு சரி.

"நம் பூட்டு பலமாக இருந்தால் திருடன் அடுத்த வண்டிக்குப் போய்விடுவான்" என்று அத்திம்பேர் சமாதானம் சொன்னார். எனக்கென்னவோ இந்தச் சமாதானம் பிடிக்கவில்லை. அடுத்த வண்டியில் கேக்கோடு வருகிற அம்மாள் அல்லவா இருக்கிறார்?

இன்ஷூரன்ஸும் பார்த்தோம். வீட்டு இன்ஷூரன்ஸிலேயே வெளியூரில் களவு போன சைக்கிளுக்கும் இடம் உண்டு. ஆனால் முதல் 500 டாலரோ 1,000 டாலரோ நஷ்டம் நம் தலையில் என்று நிபந்தனை. அக்காவின் சைக்கிள் அந்த விலைக்குள்ளேயே அடங்கிவிட்டது. ஊர் திரும்பித் தேடியதில் வாங்கிய பில்லில் நம்பர் அகப்பட்டது. பைக் இண்டெக்ஸ் என்று காசு வாங்காமல் இந்த நம்பர்களைப் பதிவு செய்துவைக்கும் தர்ம ஸ்தாபனம் ஒன்றில் எழுதிவைத்தோம். சைக்கிள் இன்னும் வரவில்லை.

கிராண்ட் கான்யனில் வாடகைச் சைக்கிள் எடுத்துத் தருகிறோம் என்றோம். "வேண்டாம், நீங்கள் போங்கோ" என்று அக்கா பஸ்ஸில் வந்தாள். ஹெர்மிட் ரோடில் ஒரு நிறுத்தத்தில் பையன் தன் சைக்கிளை விட்டு இறங்கி, ஒன்றும் பேசாமல் ஸீட்டைத் தாழ்த்தி, அவளிடம் நீட்டினான். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்தாள். பள்ளத்தாக்கு எப்படியிருந்தது என்று நான் கேட்டேன். பாதையைத்தான் பார்த்தேன் என்றாள்.

இப்போது வேறொரு பழைய சைக்கிள் வாங்கியிருக்கிறாள், பச்சை நிறம். பழைய முன் சக்கரம் கார் ஷெட்டில் ஆணியில் தொங்குகிறது. 2025-ல் அவர்கள் மறுபடி வண்டியில் கிளம்பியபோது லாடப் பூட்டு, பூட்டு முளை, தார்ப்பாய் எல்லாம் போயிற்று. ஆனாலும் ராத்திரியானால் பச்சை சைக்கிள் மட்டும் உள்ளே வந்து குளியலறையில் நிற்கிறதாம். நடு ராத்திரியில் யாருக்காவது அவசரமென்றால் முதலில் சைக்கிளை வெளியே எடுத்து, சமையல் மேடையில் சாய்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அத்திம்பேர் போனில் என்னிடம் இதைப் பெரிய புகாராகச் சொன்னார். பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது: "சாய்க்கிறச்சே ஹாண்டில்பார் இடிக்காமல் பார்த்துக்கச் சொல்லு!"