கறிக்கு ஒரு துண்டு, மருந்துக்கு ஒரு டம்ளர்

கம்பளைப் பக்கத்தில் சீனி வருத்தம் உள்ளவர்களின் வீடுகளில் கிளினிக் கொப்பிக்குப் பக்கத்திலேயே கொத்தல ஹிம்புட்டு மூலிகையின் மரக்குவளையும் இருப்பது புதுமையில்லை. இரவில் தண்ணீர் ஊற்றி வைத்து, விடிந்ததும் குடிப்பார்கள். பேராதனை வைத்தியர்கள் 252 நீரிழிவு நோயாளர்களிடம் கேட்டு 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் இப்படி எதையாவது எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாகற்காய், கொவ்வை இலை, தெபு இலை என்று அந்தப் பட்டியல் நீளும். "குளிசை கிட்னியைக் கெடுக்கும், இலை ஒன்றும் செய்யாது" என்ற நம்பிக்கைதான் இதற்கு அடிப்படை. (முதல் பாதியே சரியில்லை. சிறுநீரகத்தைப் பெரும்பாலும் கெடுப்பவை கட்டுப்படாத சீனியும் பிரஷரும்தான்.) இரண்டாம் பாதியை நிதானமாகப் பார்ப்போம்.

மூலிகையில் பலன் இல்லை என்று நான் சொல்லவில்லை. கொத்தல ஹிம்புட்டு சேர்ந்த தேநீரை 51 நோயாளர்களுக்குக் கொடுத்து இலங்கையில் நடந்த சோதனை 2005இல் வெளியானது. சீனி அளவு ஓரளவு குறைந்தது உண்மை. மாச்சத்தைச் சீனியாக உடைக்கும் குடல் நொதியை அது தடுக்கிறது. உடம்பில் இப்படி வேலை செய்யும் பொருளை மருந்தாகத்தான் மதிக்க வேண்டும்; அதற்கு அளவும் காலமும் உண்டு. அந்தச் சோதனையில் தேநீர் குடித்த காலம் மூன்று மாதம். பத்து வருடம் குடித்தால் என்ன ஆகும் என்பதற்கு அது பதிலாகாது.

காமரங்காயை எடுத்துக்கொள்ளுங்கள். நம் தோட்டத்துப் பழம், யாரும் பயப்படுவதில்லை. ஆனால் கண்டி வைத்தியர்கள் 2015இல் இரண்டு நீரிழிவு நோயாளர்களைப் பற்றி எழுதினார்கள். இருவருக்கும் முன்பு சிறுநீரகம் நன்றாகவே இருந்தது. ஒருவர் காமரங்காய்ச் சாற்றை ஒரே தடவையில் நிறையக் குடித்து, திடீரென்று சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர். மற்றவர் இரண்டு மூன்று வருடங்களாகத் தொடர்ந்து சாப்பிட்டு, நாட்பட்ட சிறுநீரக நோயில் விழுந்தவர். காரணம் பழத்திலுள்ள ஒக்சாலிக் அமிலம். அது இரத்தத்துக்குள் போய்க் கல்சியத்தோடு சேர்ந்து, சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் படிகமாகப் படிகிறது. சாப்பாட்டோடு ஒரு துண்டு உண்டால், உணவிலுள்ள கல்சியம் குடலிலேயே அமிலத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வெளியேற்றிவிடும். வெறும் வயிற்றில் சாறாகக் குடித்தால் அந்தக் காவல் இல்லை. நாம் மருந்தென்று சொல்லி விடியற்காலையில் குடிப்பது சரியாக இந்த முறையில்தான்.

பிலிங்காயும் அதே குடும்பம். கொலஸ்ட்ரோல் குறையும் என்று அதன் சாற்றைக் குடித்துச் சிறுநீரகம் பழுதான பத்துப் பேரைப் பற்றிக் கேரள வைத்தியர்கள் 2013இல் எழுதினார்கள். அவர்களில் ஏழு பேருக்கு இரத்தச் சுத்திகரிப்பு தேவைப்பட்டது. மீன்குழம்பில் புளிக்காகப் போடும் காயும் அதுதான்.

பொதியில் வரும் தூளுக்கும் கெப்சியூலுக்கும் வேறொரு ஆபத்து உண்டு. பிரஸ்ஸல்ஸில் 1990களின் தொடக்கத்தில் உடல் மெலிய மூலிகை எடுத்த பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக ஈச்சுரமூலியின் இனத்தைச் சேர்ந்த வேறொரு செடி தூளில் கலந்திருந்தது. அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் புற்றுநோயையும் உண்டாக்கும். நம் நாட்டில் சப்சந்த என்று சொல்லும் செடியும் இந்த இனம்தான்.

நமது வைத்திய மரபு இவ்வளவு அலட்சியமானதல்ல. நல்ல வைத்தியர் நாடி பார்ப்பார், பத்தியம் சொல்வார், ஒரு மண்டலம் என்று நாள் குறிப்பார். பக்கத்து வீட்டார் சொன்னதைக் கேட்டு வருடக்கணக்காகக் குடிப்பதில் இவை ஒன்றும் இல்லை.

ஆகவே கிளினிக்குக்குப் போகும்போது என்ன குடிக்கிறீர்கள், எவ்வளவு, எத்தனை மாதமாக என்பதைக் கொப்பியில் எழுதிக் கொண்டுபோங்கள். டொக்டர் ஏசுவார் என்று மறைக்க வேண்டாம். சீனியைக் குறைக்கும் குளிசையோடு பாகற்காய்ச் சாறும் சேர்ந்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கி வியர்வை, நடுக்கம், மயக்கம் வரலாம். தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு அது உயிராபத்து. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் சோதனையையும் கேட்டுப் பாருங்கள். அது கூடியிருந்தால் காமரங்காயும் பிலிங்காயும் ஒரு துண்டுகூட வேண்டாம். சிறுநீரக நோயாளி ஒருவர் காமரங்காய் சாப்பிட்ட பிறகு விக்கல் நிற்காமல் வந்தாலோ, பேச்சுக் குழம்பினாலோ அது நஞ்சேறியதன் அறிகுறி. விடியட்டும் என்று பார்க்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.