மறுகால் வழியே வரும் கேடு

விருதுநகர், சிவகாசி வட்டாரச் சிறு விவசாயிக்குக் கண்மாயே ஆதாரம். கண்மாய் பெருகினால் வயல் வேலை. பொய்த்தால் பட்டாசு ஆலை வேலை. அந்தக் கண்மாயில் எதை விடுகிறோம் என்பதில் நாம் போதிய கவனம் செலுத்துவதில்லை என்பது என் கருத்து.

ஆசிய ஆறுகளில் சாதாரணமாக வாழும் ஒரு சிறு நன்னீர் மட்டி, 1938-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் காணப்பட்டது. உணவுக்காக யாரோ கொண்டு சென்றிருக்கலாம் என்கிறார்கள். ஒரே மட்டி ஆணும் பெண்ணுமாக இருந்து தானே இனம் பெருக்கவல்லது. அதன் குஞ்சு கடுகிலும் சிறியது. மணலோடும், தூண்டில் இரையோடும், வாய்க்கால் நீரோடும் சென்று, சில பத்தாண்டுகளில் அந்நாட்டின் பெரும்பகுதியில் பரவிவிட்டது. வாய்க்கால்களையும் குழாய்களையும் அடைக்கும் அதை இன்றும் ஒழிக்க முடியவில்லை.

நம் மாநிலத்திலும் எண்ணூர்க் கழிமுகத்தில் ‘காக்கா ஆழி’ என்னும் அயல்நாட்டுச் சிப்பி தரையெல்லாம் படர்ந்து, இறால் பிடிப்போரின் பிழைப்பைக் கெடுத்தது. அது உவர்நீர்ப் பிராணி. நம் கண்மாயில் வாழாது. ஆனால் பாடம் நமக்கும் உரியதே.

நமக்குள்ள ஆபத்து ஆப்பிரிக்கக் கெளுத்தி. மத்திய அரசு 2000-ஆம் ஆண்டிலேயே தடை செய்த மீன் இது. விரைவில் எடை கூடுவதால் சிலர் இதை இன்னமும் வளர்க்கிறார்கள். அயிரை, கெண்டை என அகப்பட்டதையெல்லாம் தின்றுவிடும். கோடையில் கண்மாய் வற்றினால் செத்துவிடும் என்று எண்ண வேண்டாம். காற்றைச் சுவாசிக்கும் இம்மீன் சேற்றில் கிடந்தும் உயிர் பிழைக்கும்.

நம் கண்மாய்கள் சங்கிலித் தொடர் போன்றவை. மேல் கண்மாய் மறுகால் பாய்ந்தால் தண்ணீரோடு மீனும் கீழ்க் கண்மாய்க்குப் போகும். குத்தகைதாரருக்கு ஒரு வருட லாபம். கீழே உள்ள ஊர்களுக்கு நிரந்தர நஷ்டம். ஆகவே இதை ஒருவரின் சொந்த விஷயமாக விட்டுவிடக் கூடாது.

மீன் பாசி ஏலத்தின்போதே விவசாயிகள் நிபந்தனை விதிக்க வேண்டும். கட்லா, ரோகு, மிர்கால் போன்ற குஞ்சுகளை நம்பிக்கையான பண்ணையிலிருந்து வாங்கி, ஊரார் முன்னிலையில் பார்த்து விட வேண்டும். வேறு ஊரில் வீசிய வலையை நன்றாகக் கழுவி, வெயிலில் பல நாள் காயவைத்த பிறகே நம் கண்மாயில் இறக்க வேண்டும். வீட்டுத் தொட்டி மீன்களைக் கண்மாயில் கொட்டக் கூடாது.

இவற்றுக்குச் செலவு அதிகமில்லை. பரவிய பின் ஒழிப்பதற்கோ எவ்வளவு செலவிட்டாலும் போதாது.