படத்துக்கு வெளியே நிற்கிற சனம்

வன்னியில் மலை இல்லை. உடையார்கட்டில் தண்ணி விழுகிறதைப் பார்க்க வேணுமெண்டால், மாரி பெய்து குளம் வான் பாயும்வரை காத்திருக்க வேணும். ஆகவே எங்கட பெடியள் பெட்டையள் சிநேகிதரோட சேர்ந்து, கமராவைத் தூக்கிக்கொண்டு மலையகத்துக்கு வெளிக்கிடுகிறதில் ஒரு பிழையும் இல்லை. போகத்தான் வேணும். சோதனைச்சாவடியும் பாஸும் அடைத்து வைத்திருந்த ஊர்களில் இருந்து வந்த பிள்ளையளுக்கு நாடு பார்க்கிற ஆசை வராவிட்டால்தான் அதிசயம்.

என்ர சண்டை பயணத்தோட இல்லை. கொண்டு வாற படங்களோட.

தியலுமவை எடுப்பம். கொஸ்லந்தைக்குக் கிட்ட, 220 மீற்றர் உயரத்தில் இருந்து விழுகிற தண்ணி. இலங்கையின் இரண்டாவது உயரமான நீர்வீழ்ச்சி. மேலே ஏறிப்போனால் பாறைக்குள் இயற்கையான தடாகங்கள். அங்கே போகிற எல்லாரும் எடுக்கிறது கிட்டத்தட்ட ஒரே படம்: விளிம்பில் முதுகு காட்டி நிற்கிற ஒருவர், விரித்த கை, கீழே பச்சைப் பள்ளத்தாக்கு. அதுக்குக் கீழே "மனிதன் கெடுக்காத சொர்க்கம்" எண்டு ஒரு வரி.

மனிதன் கெடுக்காததா? நீர்வீழ்ச்சிக்குப் போகிற வழி முழுக்க நீங்கள் படம் பிடிக்கிற அந்தப் பச்சையை இயற்கை தரவில்லை. தமிழ்நாட்டில் இருந்து கொண்டுவரப்பட்ட சனம் காட்டை வெட்டி, முதலில் கோப்பியும் பிறகு தேயிலையும் நட்டு உண்டாக்கிய பச்சை அது. தண்ணிகூட அப்பிடித்தான். தலவாக்கலையில் சென்கிளேயர் நீர்வீழ்ச்சியின் தண்ணி 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை மின்திட்டத்துக்குத் திருப்பப்பட்டது. எவ்வளவு தண்ணி விழ வேணும் எண்டதை அங்கே இப்ப மழை மட்டும் தீர்மானிக்கிறதில்லை.

அதே கொஸ்லந்தையில்தான் மீரியபெத்த தோட்டம் இருக்கு. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயன் வரிசைகளை அப்படியே மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளையள் தப்பிச்சினம். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, சிலருக்குத் தாய் தகப்பனும் இல்லை. பலரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது எண்டு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆனாலும் சனம் அங்கேயேதான் இருந்தது, போக வேற காணி இல்லாதபடியால். தியலுமவில் எடுத்த நூறு படங்களுக்குக் கீழே இந்தப் பெயரைத் தேடிப் பாருங்கோ.

"மச்சான், ஒரு நீர்வீழ்ச்சிப் படத்துக்கும் அரசியலா? அழகை ரசிக்கவும் விடமாட்டியளா?" எண்டு கேட்பியள். மற்ற ஊர்க்காரர் கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்லலாம். வன்னியில் இருந்து கொண்டு நாங்கள் இதைக் கேட்கக் கூடாது.

ஏனெண்டால் எங்களையும் இப்பிடித்தான் படம் எடுத்தவை. போர் முடிந்து ஏ9 வீதி திறந்ததும் தெற்கில் இருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வந்தது. கிளிநொச்சியில் விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கிக்கு முன்னால் குடும்பமாக நின்று சிரிச்சினம். புதுக்குடியிருப்புப் பக்கம் பங்கர் பார்த்தினம். முள்ளிவாய்க்கால் கரையில் தட்டி நின்ற பாரா 3 கப்பலோட படம் எடுத்தினம். அந்த நேரம் சனம் தறப்பாளுக்குக் கீழே இருந்தது. அவர்களின் படங்களில் தறப்பாள் இல்லை. 2009 ஜனவரியில் அரசாங்கம் முதலாவது பாதுகாப்பு வலயம் எண்டு அறிவித்த நிலத்துக்குள் உடையார்கட்டும் இருந்தது. அந்த வலயத்துக்குள்ளேயே எறிகணை விழுந்தது, ஆஸ்பத்திரியும் தப்பவில்லை. பஸ்ஸில் வந்தவர்களுக்கு அது றோட்டோரத்து ஊர்ப்பெயர்ப் பலகை மட்டும்தான்.

அண்டைக்கு எங்களுக்கு வந்த கோபம் நியாயமானது. அவை படம் எடுத்ததை விட, எங்களைப் படத்துக்கு வெளியே தள்ளிப்போட்டு எடுத்ததுதான் சுட்டது. அதே வேலையை நாங்கள் இப்ப மலையில் செய்கிறம். லயத்தின் தகரக் கூரை வந்தால் கோணத்தை மாற்றுகிறம். கொழுந்து பறிக்கிற அம்மா மட்டும் விதிவிலக்கு. அவ நிறத்துக்கு வேணும். முகத்தைக் கிட்டப் பிடித்து, சுருக்கத்தைக் கூர்மையாக்கி, "உழைப்பின் அழகு" எண்டு போடுகிறம். அவவின்ர பெயர் என்ன? படம் போட்டது அவவுக்குத் தெரியுமா? ஒரு நாளைக்கு 1,000 ரூபா எண்ட சம்பளம் 2021இல்தான் கிடைத்தது, அதுவும் பல வருசப் போராட்டத்துக்குப் பிறகு. 2024இல் அது 1,350 ஆனது. எங்கட பயணத்துக்கு ஆளாளுக்குப் போடுகிற காசை இதோட ஒருக்கா வைத்துப் பாருங்கோ.

இன்னொன்று, இது இன்னும் கிட்டத்தில இருக்கிற விசயம். மலையகத்துச் சனத்தைப் பார்க்க வன்னியில் இருந்து மலை ஏறவே தேவையில்லை. 1977 வன்செயலிலும் அதுக்குப் பிறகும் அடிச்சுக் கலைக்கப்பட்ட குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு எண்டு வந்து காடு வெட்டிக் குடியேறின. கிளிநொச்சியின் பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற ஊர்கள் அப்பிடி உருவானவை. எங்களோட ஒரே பங்கருக்குள் இருந்தவை, ஒரே முகாமுக்குள் அடைபட்டவை. அவையைத்தான் இன்னும் "தோட்டக்காட்டார்" எண்டு சொல்லுகிற வாய் எங்கட ஊர்களில் இருக்கு. கலியாணம் பேசும்போதும் கோயில் நிர்வாகம் தெரியும்போதும் அந்தச் சொல் வெளியில வரும். பக்கத்து வளவுக்காரரை அந்தப் பெயர் சொல்லிக்கொண்டு, அவர்கள் விட்டுவந்த மலையின் படத்துக்கு "என் காதல் மலையகம்" எண்டு எழுதுகிறது காதலே இல்லை.

மலைக்கு முதல் "ஹைக்" போனவை ஆர் எண்டு தெரியுமா? மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்த அந்தக் கூலிச்சனம். கொலராவிலும் பசியிலும் வழி நெடுகச் செத்துப் போச்சினம். மலையகம் 200 நினைவாக 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்த நடைபயணம் அந்தத் தடத்தைத்தான் திரும்ப நடந்தது. அதில் ஒரு நாளாவது நடந்திருந்தால், தியலுமவின் விளிம்பில் கை விரிக்க முதல் கொஞ்சம் யோசிப்பம்.

ஆகவே போங்கோ. ஆனால் கேட்டுவிட்டு எடுங்கோ. பெயர் சொல்லச் சம்மதித்தால் பெயரோட போடுங்கோ, இல்லாட்டில் முகத்தை விடுங்கோ. எடுத்த படத்தை அச்சடித்து அந்த அம்மாவுக்கு அனுப்புங்கோ. நீர்வீழ்ச்சிக்குக் கிட்ட இருக்கிற தோட்டத்தின் பெயரையும் எழுதுங்கோ. ஓடைத் தண்ணியைக் கீழே குடிக்கிற சனம் இருக்கு, அதுக்குள் சவர்க்காரமும் போத்தலும் போடாதேங்கோ. லயம் படத்துக்குள் வந்தால் வரட்டும், வெட்டாதேங்கோ.

வெட்டப்பட்ட படத்துக்கு வெளியே நிற்கிறது எப்பிடி இருக்கும் எண்டு எங்களுக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை.