கை அழுக்கானால் என்ன?

கார் வைத்திருப்பவன் செல்வந்தன் என்ற எண்ணம் நம்மவரிடையே இன்னும் போகவில்லை. இங்கே தில்லியில் நால்வர் பங்கு போட்டுப் பழைய கார் ஒன்றை வாங்கி ஓட்டும் ஆராய்ச்சி மாணவர்களைக் கேட்டால் உண்மை விளங்கும். உபகாரச் சம்பளம் பெட்ரோலுக்கே போதவில்லை. இந்த நிலையில், பிரேக்கை மிதிக்கும்போது முன்சக்கரத்திலிருந்து 'கிரீச்' என்று ஓர் ஓசை எழுந்தால் என்ன செய்கிறோம்? "அடுத்த மாதம் பார்த்துக் கொள்ளலாம்" என்று சொல்லி ரேடியோவின் ஒலியைக் கூட்டி வைக்கிறோம்!

நண்பர்களே, அந்த ஓசை வீணாக வருவதன்று. பிரேக் பேடு தேய்ந்து மெலிந்ததும் அதிலுள்ள சிறு தகடு டிஸ்க்கில் உரசிக் கத்தும்படி பல கார்களில் அமைத்திருக்கிறார்கள். புதிய பேடின் உராய்வுப் பகுதி சுமார் 10 மில்லிமீட்டர் கனம் இருக்கும். அது 3 மில்லிமீட்டருக்கு இறங்கிவிட்டால் மாற்றிவிட வேண்டும். மேலும் ஓட்டினால் இரும்போடு இரும்பு உரசி டிஸ்க்கும் பாழாகும். ஒரு செலவு இரண்டாகும்.

செலவு மட்டுமா? 900 கிலோ எடையுள்ள சிறிய கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 1,25,000 ஜூல். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும். வண்டியை நிறுத்தும்போது அதில் பெரும்பகுதியை வெப்பமாக்குவது, உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சிறு பேடுகளின் உராய்வுதான். இந்தக் கணக்கைத் தேர்வுத்தாளில் போட்டு மதிப்பெண் வாங்கும் நாம், ஒரு ஸ்பானரைக் கையில் எடுக்கக் கூசுகிறோம்!

என் கருத்து இதுதான்: முன்சக்கரப் பேடுகளை நாமே மாற்றக் கற்றுக்கொள்ள வேண்டும். கூலியை மிச்சம் பிடிக்கலாம். பொருளிலும் ஜாக்கிரதையிலும் காலணாகூட மிச்சம் பிடிக்கக் கூடாது.

பொருளை முதலில் பார்ப்போம். விசுவவித்யாலயா மெட்ரோ நிலையத்திலிருந்து மூன்றாவது நிலையம் காஷ்மீரி கேட். அங்கே உதிரிப்பாகக் கடைகள் ஏராளம். எந்தப் பெரிய சந்தையிலும் அசலோடு போலியும் கலந்திருக்கும். ஆகவே விலை மலிவு என்று மயங்காமல், ரசீது தரும் கடையில் நம் வண்டிக்கு உரிய பேடையே கேட்டு வாங்குங்கள்.

வேலை மாயவித்தை அன்று. வண்டியைச் சமதரையில் நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்திவிட்டு ஜாக்கியால் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்புவது மூடத்தனம். ஸ்டாண்டு கொடுத்தே தீர வேண்டும். பெரும்பாலான சிறிய கார்களில் காலிப்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி அதை மேலே மடக்கினால் பழைய பேடுகள் வெளியே வந்துவிடும். பிரேக் குழாயில் காலிப்பரைத் தொங்கவிடக் கூடாது. சி கிளாம்ப் கொண்டு பிஸ்டனை மெல்ல உள்ளே தள்ளும்போது, பிரேக் ஆயில் மேலே ஏறி வழியாதபடி ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய பேடுகளில் கல்நார் இருக்கக்கூடும், அது நுரையீரலுக்குப் பகை. புதிய பேடின் உராய்வு முகத்தில் கிரீஸ் துளியும் படலாகாது. ஒரு சக்கரத்தில் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கையில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்; ஆகவே முன்சக்கரம் இரண்டிலும் மாற்றுங்கள்.

எல்லாம் பூட்டியபின் ஒன்று மீதி. பிரேக் மிதி கெட்டியாகும்வரை பலமுறை மிதிக்க வேண்டும். இதை மறந்தவனுக்கு முதல் மிதியில் பிரேக் பிடிக்காது. அவன் எதிரே சுவர் இருந்தால் அவன் பாக்கியம், குழந்தை இருந்தால்?

"உயிரோடு விளையாடுவதா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. முதல் தடவை அனுபவமுள்ள ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஆயில் கசிந்தாலோ, மிதி மெத்தென்று இறங்கினாலோ, டிஸ்க்கில் ஆழமான கோடுகள் இருந்தாலோ வெட்கப்படாமல் பட்டறைக்குப் போங்கள். பல சிறிய கார்களின் பின்சக்கரங்களில் இருக்கும் டிரம் பிரேக்கையும் மெக்கானிக்கிடமே விட்டுவிடலாம். எல்லை தெரிந்து செய்வதுதான் துணிவு.

"மெக்கானிக்கின் பிழைப்பைக் கெடுக்கிறாயே!" என்பாரும் உண்டு. ஒரு பிற்பகல் முழுதும் குனிந்து நான்கு பேடுகளை மாற்றிப் பார்த்தவன் மெக்கானிக்கிடம் கூலிக்குப் பேரம் பேசுவானா? அவர் கைத்திறன் இன்னதென்று அன்றுதான் அவனுக்குப் புரியும். படித்தவன் கை அழுக்காகக் கூடாது என்ற பழைய எண்ணத்தைத் தலைமுறை தலைமுறையாய்ச் சுமந்து வந்திருக்கிறோம். கையில் படிந்த கரி சோப்புக்குப் போய்விடும். அந்த எண்ணமும் அதோடு போகட்டும்.