கொல்லன் மகனிடம் கற்றுக்கொள்வோம்!



"கம்ப்யூட்டர் கேம் ஆடுறவன் உருப்பட மாட்டான்." இதை வீட்டில் கேட்டிருக்கிறோம், ஹாஸ்டலில் கேட்டிருக்கிறோம், கம்பத்திலிருந்து காலேஜுக்கு வரும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெரியவர் சொல்லியும் கேட்டிருக்கிறோம். எல்லா ஆட்டத்துக்கும் வக்காலத்து வாங்க நான் இங்கே வரவில்லை. சில ஆட்டங்கள் நேரத்தைத் தின்பதோடு சரி. ஆனால் ஒரே ஓர் ஆட்டத்தைப் பற்றி உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும். அதில் முன்னேறும் வழி எதுவோ, அதுவேதான் டிப்ளமோ படிப்பில் முன்னேறும் வழியும் என்பது என் கருத்து. படித்துவிட்டு நீங்களே தீர்ப்பு சொல்லுங்கள்.

ஆட்டத்தின் பெயர் 'கிங்டம் கம்: டெலிவரன்ஸ்'. செக் நாட்டின் பிராக் நகரில் உள்ள வார்ஹார்ஸ் என்ற நிறுவனம் 2018 பிப்ரவரியில் வெளியிட்டது. இரண்டாம் பாகம் 2025 பிப்ரவரியில் வந்தது. நான் சொல்லப்போவது முதல் பாகத்தைப் பற்றி. கதை நடக்கும் ஆண்டு 1403. இடம், அந்நாளைய பொஹீமியா. பூதம், மந்திரம், டிராகன் எதுவும் கிடையாது. கதாநாயகன் ஹென்றி ஒரு கொல்லன் மகன். அவன் ஊரைப் படை வந்து கொளுத்துகிறது, தாயும் தகப்பனும் சாகிறார்கள். அப்பா செய்த வாளையும் கொள்ளைக்காரன் பிடுங்கிக்கொண்டு போகிறான். அடிபட்டுக் கிடந்தவன் ஒரு மில்லில் கண் விழிக்கிறான். கையில் காசில்லை, வாள் பிடிக்கத் தெரியாது, எழுதப் படிக்கவும் தெரியாது. இங்கிருந்து அவனை மேலே கொண்டு வருவது நம் பொறுப்பு. எப்படிக் கொண்டு வருவது?

முதல் வழி: பயிற்சிக் களத்தைத் தாண்டி ஓடாதே.

ராட்டாய் என்ற கோட்டை ஊரில் பெர்னார்டு என்றொரு கேப்டன் வாள் பயிற்சி தருகிறார். நம்ம பயல்கள் பெரும்பாலும் என்ன செய்கிறார்கள்? ஒரு தரம் அவரிடம் போய்விட்டு, நேரே காட்டுக்குள் கொள்ளையரைத் தேடிப் போகிறார்கள். ரெண்டே அடியில் கதை முடிகிறது. "என்னப்பா இது, மொக்க கேம்" என்று மூடிவைத்து விடுகிறார்கள். விஷயம் என்னவென்றால், இந்த ஆட்டத்தில் எந்தத் திறமையும் செய்யச் செய்யத்தான் ஏறும். வாளை வீசினால் வாள் திறமை ஏறும். வில்லை இழுத்தால் வில் திறமை ஏறும். பெர்னார்டிடம் மரவாளோடு திரும்பத் திரும்ப மோதுங்கள். சரியான நொடியில் தடுப்பதும், தடுத்த வேகத்திலேயே திருப்பி அடிப்பதும் அங்கேதான் கைக்கு வரும். அதன் பிறகு அதே காட்டுக்குப் போய்ப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

முதல் வருஷம் ஃபிட்டிங் ஷாப்பில் நமக்கு என்ன கொடுத்தார்கள்? ஓர் இரும்புத் துண்டும் ஒரு அரமும். "இதைப் போய் நாள் முழுக்க ராவிக்கிட்டு இருக்கணுமா?" என்று முணுமுணுக்காத ஆள் உண்டா? அந்த அரம்தான் நம்ம மரவாள்.

இரண்டாம் வழி: படிக்கக் கற்றுக்கொள்.

எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஹென்றி ஆரம்பத்தில் ஒரு புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் எல்லாம் இடம் மாறிக் குழம்பிக் கிடக்கும். திரையைப் பார்க்கும் நமக்கும் ஒன்றும் புரியாது. பக்கத்து ஊரில் இருக்கும் எழுத்தரைத் தேடிப் போய், கற்றுக்கொண்டு, பொறுமையாகப் பழகப் பழக எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தம் இடத்துக்கு வரும். படிக்க வந்த பிறகுதான் புத்தகங்கள் வழியாக மற்ற திறமைகளும் ஏறும்.

நண்பர்களே, பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு, முதல் செமஸ்டரில் ஆங்கிலப் பாடப் புத்தகத்தைத் திறந்தபோது உங்களுக்கு எப்படி இருந்தது? அதே குழம்பிய எழுத்துதானே! சின்னமனூர்ப் பக்கத்திலிருந்தும் ஆண்டிபட்டிப் பக்கத்திலிருந்தும் வந்த எத்தனையோ பேர் அந்த இடத்திலேயே "நமக்கு இது ஆகாது" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். மூளை இல்லாததால் ஒதுங்கவில்லை. எழுத்தரிடம் போகக் கூச்சம், அவ்வளவுதான். டெக்னிகல் வார்த்தைகளை ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் தமிழில் பொருள் எழுதுங்கள். தினம் பத்து வார்த்தை போதும். புரியாததை சாரிடம் தமிழிலேயே கேளுங்கள். ஒரு செமஸ்டரில் எழுத்துகள் தம் இடத்துக்கு வந்துவிடும்.

மூன்றாம் வழி: எதிரியைப் பார்த்து ஆயுதம் எடு.

தலை முதல் கால் வரை இரும்புக் கவசம் போட்டவனை வாளால் வெட்டிக்கொண்டே இருந்தால் நமக்குத்தான் மூச்சு வாங்கும். அவனுக்குக் கதாயுதம் மாதிரி கனமான ஆயுதம் வேண்டும். வெட்டு கவசத்தின் மேல் வழுக்கிப் போகும், அடியின் அதிர்ச்சி உள்ளே இறங்கும். இதை மெக்கானிக்கல் பசங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதேபோல் நாலு பேர் சூழ்ந்துகொண்டால் நடுவில் நின்று வீரம் காட்டக் கூடாது. பின்வாங்கி, எல்லோரையும் கண் முன்னால் வைத்துக்கொண்டு, ஒருவன் முந்தி வரும்போது அவனை மட்டும் கவனிக்க வேண்டும். மூச்சு, அதாவது தெம்பு, தீர்ந்துபோனால் அடுத்த அடி நேராக உயிரில் விழும்.

அரியர் வைத்திருக்கும் அண்ணன்களுக்கும் தம்பிகளுக்கும் இதைவிட நல்ல யோசனை என்னிடம் இல்லை. எல்லாப் பேப்பரையும் ஒரே மூச்சில் முடிக்கிறேன் என்று கிளம்பாதீர்கள். கணக்குப் பேப்பருக்கு மனப்பாடம் உதவாது, அதற்கு ஆயுதம் வேறு.

நான்காம் வழி: உன் ஆயுதத்தை நீயே தீட்டு.

அடித்து அடித்து வாள் மழுங்கும். கடைக்காரனிடம் காசு கொடுத்துச் சரி செய்யலாம். ஆனால் சாணைக் கல்லில் நாமே தீட்டலாம். கல்லை மிதித்துச் சுழற்ற வேண்டும், வாளைச் சரியான சாய்வில் பிடிக்க வேண்டும். தப்பாகப் பிடித்தால் வாள் இன்னும் கெடும். லேத் டூலை பெஞ்ச் கிரைண்டரில் பிடித்த எவனுக்கும் இது புது விஷயமில்லை. நம்ம பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டத்துக்காரர்களைப் பாருங்கள். கவாத்துக் கத்தியின் பதம் அவர்களுக்குத் தெரியும். கவாத்து சரியாக விழாவிட்டால் பன்னீர்த் திராட்சைக் கொடி இலையாய் விடும், குலையாய் விடாது.

ஐந்தாம் வழி: சாப்பிடு, தூங்கு, குளி.

சிரிக்காதீர்கள். ஹென்றி பட்டினி கிடந்தாலும் தூங்காவிட்டாலும் தெம்பு குறைகிறது. தூக்கம் போதாவிட்டால் திரையே இருண்டு இருண்டு வரும். அழுக்கும் ரத்தமுமாகப் போய்ப் பேசினால் ஊரார் மதிக்க மாட்டார்கள். குளித்து, துணி துவைத்துப் போட்டால் அதே பேச்சு எடுபடுகிறது. ஓர் ஊரில் திருடி மாட்டினால் அந்த ஊரே முகம் சுளிக்கும். நல்ல பெயர் இருந்தால் கடைக்காரரும் இறங்கி வருவார். ஆகவே, காலை லேப்பை வைத்துக்கொண்டு இரவு ரெண்டு மணி வரைக்கும் ஆடுகிற நண்பனே, ஹென்றியே தூங்கப் போய்விட்டான், நீ ஏன் முழித்திருக்கிறாய்?

இப்போது என் முக்கியமான சண்டைக்கு வருகிறேன். இந்த ஆட்டத்தில் நினைத்த இடத்தில் சேவ் செய்ய முடியாது. சொந்தப் படுக்கையில் தூங்க வேண்டும், அல்லது அதற்கென்று உள்ள ஒரு மதுவைக் குடிக்க வேண்டும். அந்த மதுவை மூலிகை பறித்து, இடித்து, மணல் கடிகை பார்த்துக் காய்ச்சி நாமே தயாரிக்கலாம். இந்தக் கட்டுப்பாடு பிடிக்காதவர்கள் 'மோடு' போட்டு எங்கு வேண்டுமானாலும் சேவ் செய்துகொள்கிறார்கள். சிலர் காசையும் சீட் போட்டு ஏற்றி, முதல் நாளே முழுக் கவசம் மாட்டிவிடுகிறார்கள். "வாங்கின கேம் மாப்ளே, எப்படி ஆடினா உனக்கென்ன?" என்று கேட்பார்கள். எனக்கு ஒன்றுமில்லைதான். வேலை முடிந்து களைத்து வந்து அரை மணி நேரம் ஆடுகிறவர் சேவ் மோடு போட்டால் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சீட் போட்டவனின் ஹென்றிக்குக் கவசம் பளபளக்கும், கை மட்டும் பழகியிருக்காது.

இதைத்தான் நம்ம வராந்தாவிலும் பார்க்கிறேன். டிராயிங் ஷீட்டைக் கண்ணாடி மேல் வைத்து டிரேஸ் எடுக்கிறோம். ரெக்கார்டு நோட்டைக் காசு கொடுத்து எழுதி வாங்குகிறோம். மூன்று வருஷம் கழித்து ஓசூரிலோ கோயம்புத்தூரிலோ ஒரு கம்பெனி வாசலில் நிற்கும்போது சூபர்வைசர் ஒரு ஜாபையும் ஒரு வெர்னியரையும் கையில் கொடுத்து "அளவு சொல்லுப்பா" என்பார். அங்கே எந்த மோடும் வேலை செய்யாது. தோட்டத்தில் கூலி வேலை பார்த்து ஃபீஸ் கட்டிய அப்பா அம்மாவிடம் அன்றைக்கு என்ன பதில் சொல்வோம்?

ஆட்டமும் வாழ்க்கையும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. ஆட்டத்தில் பத்துத் தடவை தடுத்தால் திறமை ஏறியதை எண்ணாகவே காட்டிவிடும். ஃபிட்டிங் ஷாப்பில் பத்து நாள் ராவினாலும் யாரும் எண் காட்டுவதில்லை. ஏறிக்கொண்டிருக்கிறது என்று நாமேதான் நம்பிக்கொள்ள வேண்டும். அதுதான் கஷ்டம்.

கடைசியாக ஒன்று. இந்த ஆட்டத்தைச் செய்தவர்கள் உலகம் முழுவதையும் காட்டவில்லை. சசாவா என்ற ஓர் ஆற்றை ஒட்டிய சில கிராமங்கள், ஒரு மடம், சில கோட்டைகள், சுற்றிலும் காடு. எல்லாம் இன்றும் செக் நாட்டில் இருக்கும் ஊர்கள். 2014-ல் கிக்ஸ்டார்ட்டர் மூலம் பொதுமக்களிடம் 3 லட்சம் பவுண்டு கேட்டார்கள், 11 லட்சம் பவுண்டுக்கு மேல் வந்தது. நமக்கும் ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு இருக்கிறது. ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த தமிழ் பிராமி நடுகற்களில் ஒன்று, கூடல் ஊரில் நடந்த ஆகோளில், அதாவது மாடுபிடி சண்டையில், உயிர் விட்டவனுக்காக நட்டது. அது நம்ம கூடலூர்தான் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேல் பழமையான கதை வைகைக் கரையில் கல்லாக நின்றிருக்கிறது. 2022-ல் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இரண்டாம் பாகத்தில் ராஜேந்திர சோழன் கதை வந்தது, அதைச் செய்தவர்களும் வெளிநாட்டார்தான். நம்ம கம்ப்யூட்டர் பிரிவுப் பசங்களும், டிராயிங் நன்றாக வரும் சிவில் பசங்களும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு சின்ன ஆட்டமாவது செய்ய முடியாதா? முடியும். அதற்கும் முதல் படி மரவாள்தான். நாளைக்குக் காலையில் லேப் இருக்கிறது, நேரத்துக்கு வந்து சேருங்கள்!